இரண்டு மார் ஏர்ல்மார்: ஒரே பட்டத்துக்கு எப்படி ரெண்டு பேர்?

ஊர்சுற்றி

போன மாதம் ஸ்காட்லாந்து போயிருந்தேன். எடின்பரோவில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து முடித்துவிட்டு, ஸ்டர்லிங் பக்கத்தில் அலோவா என்ற ஊருக்குப் போனேன். அங்கே அலோவா டவர் என்று ஒரு பழைய கோபுர வீடு. உள்ளே எர்ஸ்கின் குடும்பத்து ஓவியங்கள். இது மார் - கெல்லி ஏர்ல்களின் வீடு என்றார்கள் (ஏர்ல் என்பது ஒரு பரம்பரைப் பிரபுப் பட்டம்). சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் ரயிலில் சும்மா இராமல் போனை நோண்டினேன். ‘மார் கவுன்டஸ்’, அதாவது பெண் ஏர்ல், என்று ஒரு அம்மா இருக்கிறார்! பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் பல வருடம் இருந்தவர், ஆட்டுப்பால் சீஸ் செய்து விற்றவர், 31-வது ஆள் என்கிறது. அலோவாக்காரரோ 14-வது மார் ஏர்ல். இரண்டு பேரும் கணவன் மனைவி இல்லை, அப்பா மகளும் இல்லை. ஒரு ஊர்ப் பட்டத்துக்கு ரெண்டு பேரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

ஊர்சுற்றி, தெரிந்தோ தெரியாமலோ ஸ்காட்லாந்துப் பட்டங்களிலேயே பெரிய சிக்கலில் கைவைத்துவிட்டீர்கள். ரெண்டு பேரும் உண்மையான மார் ஏர்ல்தான். ஒன்று பழைய மார். மற்றது 1565-ல் உண்டானதாகப் பிரபுக்கள் சபை சொன்ன மார். சிக்கலின் வேர் 1404-ல் இருக்கிறது. அங்கிருந்துதான் வர வேண்டும்.

மார் என்பது அபர்தீன் பக்கம் டீ, டான் ஆறுகளை ஒட்டிய நிலப்பகுதி. அதை ஆண்டவர்களை முதலில் மோர்மேர் என்றார்கள், பிறகு ஏர்ல். அயர்லாந்தில் 1014-ல் நடந்த குளோன்டார்ஃப் போரிலேயே மார் மோர்மேர் ஒருவர் செத்ததாகப் பழைய குறிப்பு உண்டு. ராபர்ட் புரூஸின் முதல் மனைவி இசபெல்லா இந்த வீட்டுப் பெண். அவள் பேரன்தான் ஸ்டூவர்ட் வம்சத்தின் முதல் அரசன். சும்மா ஜமீன் இல்லை, ராஜாவுக்கே பெண் கொடுத்த வீடு.

1370-களில் தாமஸ் என்ற ஏர்ல் பிள்ளையில்லாமல் போனார். பட்டம் தங்கை மார்கரெட்டுக்கு. அவள் மகன் ஜேம்ஸ் டக்ளஸ் 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் விழுந்தான். அடுத்து அவன் தங்கை இசபெல். பட்டம் பெண்வழியில் போவது இந்த வீட்டில் புதிதே இல்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

இசபெலின் கணவன் மால்கம் டிரம்மண்டை 1402-ல் யாரோ பிடித்துப் போய் அடைத்தார்கள், சிறையிலேயே செத்தான். 1404-ல் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்பவன் ஆட்களோடு வந்து கில்ட்ரமி கோட்டையைப் பிடித்தான். அரசன் தம்பியின் மகன், ஆனால் தாலி கட்டாத வழியில் பிறந்தவன். அப்பனுக்கு ‘பேடனாக் ஓநாய்’ என்று பெயர், மகன் எப்படி இருப்பான் பாருங்கள். ஆகஸ்ட் 12-ம் தேதி இசபெலிடம் சாசனம் எழுதி வாங்கினான். நமக்குப் பிள்ளை பிறக்காவிட்டால் மார் என் வாரிசுகளுக்கு என்று.

அம்மணி

கோட்டையைப் பிடித்துவிட்டு விதவையிடம் கையெழுத்து வாங்கியதைச் சாசனம் என்கிறீர்கள். கட்டைப் பஞ்சாயத்து என்று சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

அம்மணி, அப்போதே ஊரும் அரண்மனையும் அப்படித்தான் பேசியது போல. அரசன் அந்தச் சாசனத்தை உறுதி செய்யவில்லை. அதனால்தான் டிசம்பர் 9-ம் தேதி கில்ட்ரமி வாசலில் ஒரு நாடகம் நடந்தது. அலெக்சாண்டர் கோட்டைக்கு வெளியே வந்து நின்று, சாவிக் கொத்தையும் உள்ளே இருக்கும் வெள்ளிப் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான், பத்திரங்கள் எல்லாவற்றையும் இசபெலிடம் ஒப்படைத்தான். நீ எதை வேண்டுமானாலும் செய்துகொள் என்றான். ஒரு பிஷப்பும் ஊர்க் குடிகளும் சாட்சி. அவள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே, இவனைக் கணவனாக ஏற்கிறேன் என்றாள். அங்கேயே புதுச் சாசனம்: இருவருக்கும் பிள்ளை இல்லையென்றால் மார் *இசபெலின்* வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும். அரசன் உறுதி செய்தது இதைத்தான், 1405 ஜனவரியில்.

அம்மணி

வாசலில் ஆயுதத்தோடு அவன் ஆட்கள் நிற்கும்போது ‘நீ எதை வேண்டுமானாலும் செய்துகொள்’! ஆனாலும் வாரிசு விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். கெட்டிக்காரி.

யாழ்நிலா

நான் அபர்தீனில்தான் இருக்கிறன், கில்ட்ரமிக்குப் போய் வந்தனான். அந்த வாசல் இரட்டைக் கோபுரம் இப்ப அடித்தளம் மட்டும்தான். முழங்காலளவு கல்வரிசை, நடுவில புல். பின்பக்கம் ஆழமான பள்ளம். அந்த வாசலில நிண்டுதான் சாவி கைமாறினது எண்டு அப்ப தெரியாமப் போச்சு, இப்ப யோசிச்சால் ஒரு மாதிரி இருக்கு. 1306-ல இங்கிலாந்துப் படை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த கொல்லன் தங்கத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்தானாம், பிறகு அவன் தொண்டையிலேயே உருக்கின தங்கத்தை ஊத்தினாங்களாம். அது கதை. கோட்டை விழுந்தது மட்டும் உண்மை.

வக்கீல் குமாஸ்தா

பழஞ்சுவடி கதையாக நன்றாகச் சொல்கிறார். ஆனால் சட்டம் என்று வந்தால் 1426-ஐ விட்டுவிடக் கூடாது. இசபெல் 1408-ல் இறந்தாள், பிள்ளை இல்லை. அலெக்சாண்டருக்கு ஆயுள் பாத்தியதைதான் மிச்சம். ஆனால் 1426-ல் அவர் ஏர்ல்டத்தை முதலாம் ஜேம்ஸ் அரசனிடம் ஒப்படைத்தார். அரசன் திரும்ப அவருக்கும், பின் அவருடைய மகன் தாமஸுக்கும் கொடுத்து, அவர்களுக்குப் பின் கிரீடத்துக்கே என்று எழுதினான். 1435-ல் அலெக்சாண்டர் இறந்தபோது தாமஸ் முன்பே போய்விட்டான். ஆக மார் அரசன் கையில்.

பழஞ்சுவடி

> ஆயுள் பாத்தியதைதான் மிச்சம்

நீங்களே சொல்லிவிட்டீர்களே சார். ஆயுள் பாத்தியதை வைத்திருப்பவன் தன்னுடையதல்லாததை எப்படி அரசனிடம் ஒப்படைப்பான்? குத்தகைக்காரன் நிலத்தை விற்ற கதை.

இசபெலின் உண்மையான வாரிசு ராபர்ட் எர்ஸ்கின். மார் வீட்டு எலின் என்ற பெண் வழியில் வந்தவர். 1438-ல் தன்னை வாரிசு என்று ஜூரி முன் நிரூபித்து, ஏர்ல் என்றே போட்டுக்கொண்டார். 1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் வேறு ஜூரியைக் கூட்டி, முந்தையது தப்பு, மார் கிரீடத்துடையது என்று தீர்ப்பு வாங்கினான். அரசன் வாதி, அரசன் நீதிபதி.

அதற்குப் பின் நூறு வருடம் அரச வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டம் விளையாட்டுச் சாமான். எர்ஸ்கின்கள் காத்திருந்தார்கள். 1565 ஜூன் 23-ம் தேதி மேரி அரசி ஜான் எர்ஸ்கினுக்கு மாரைக் கொடுத்தாள். அந்தச் சாசனம், முன்னோர் அநியாயமாகத் தள்ளிவைக்கப்பட்டார்கள், மனசாட்சிப்படி உரியவருக்கு உரியதைத் திருப்பித் தருகிறேன் என்ற தொனியில் பேசுகிறது. யாருக்கு? அவருக்கும் அவருடைய *வாரிசுகளுக்கும்*. ஆண் வாரிசு என்ற வார்த்தையே இல்லை.

வக்கீல் குமாஸ்தா

அது நிலத்துக்கான சாசனம் ஐயா! பட்டத்துக்கானது அல்ல. இதுதான் பின்னால் வழக்கில் எல்லாமே. ஏர்ல்டம் என்ற சொல்லுக்கு ரெண்டு பொருள்: நிலப்பரப்பு, பதவி. நிலம் ஒரு வழியில் போகலாம், பதவி வேறு வழியில் போகலாம். பதவியை எப்போது எந்தப் பத்திரத்தால் கொடுத்தாள் மேரி? பத்திரமே கிடையாது. அந்த வருடம் ஜூலை 29-ம் தேதி டார்ன்லியோடு அவள் கல்யாணம், அதை ஒட்டி ஏதோ சடங்கில் கொடுத்திருப்பாள் என்று ஊகம்தான்.

ஊர்சுற்றி

அண்ணன்மார்களே, எனக்குப் பாதி புரிகிறது. அந்த ஜான் எர்ஸ்கின்தான் ஸ்டர்லிங் கோட்டைக்குக் கீழே பாதி இடிந்து நிற்கும் கல் முகப்புக்காரரா? மார்ஸ் வார்க் என்று பலகை பார்த்தேன்.

பழஞ்சுவடி

அவரேதான். 1570 வாக்கில் தொடங்கிய வீடு, முகப்பு மட்டும் நிற்கிறது. மேரியின் குழந்தை ஆறாம் ஜேம்ஸை ஸ்டர்லிங்கில் வைத்துக் காத்தவர். 1571-ல் குட்டி அரசனுக்காக ஆளும் ரீஜென்ட் ஆனார், அடுத்த வருடம் அக்டோபரிலேயே செத்தார். டால்கீத்தில் மார்டன் வீட்டு விருந்துக்குப் பின் உடம்பு சரியில்லாமல் போனதால் விஷம் என்று பேச்சு. இவர் மகனும் குட்டி அரசனும் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுக்கு ஜேம்ஸ் வைத்த பட்டப்பெயர் ‘சிலேட்டு ஜாக்’. பள்ளிக்கூடத்துப் பெயர் பெரியவர்கள் ஆன பின்னும் விடவில்லை.

சிலேட்டு ஜாக் சாதாரண ஆளில்லை. பறிபோன மார் நிலங்களை ஒவ்வொன்றாக வழக்குப் போட்டு மீட்டார். கில்ட்ரமி எல்ஃபின்ஸ்டன் குடும்பத்திடம் போயிருந்தது. 1626-ல் கோர்ட் தீர்ப்பால் திரும்பியது. எந்த அடிப்படையில்? இசபெலின் வாரிசு என்ற அடிப்படையில். 1457 தீர்ப்பே செல்லாது என்று ஆனது. குமாஸ்தா சார், இதற்கு என்ன சொல்வீர்கள்?

வக்கீல் குமாஸ்தா

நிலம், நிலம், நிலம் என்பேன். :)

பழஞ்சுவடி

அப்படியா, பதவிக்கே வருகிறேன். 1606-ல் ஸ்காட்டிஷ் பிரபுக்களை யார் முன் யார் பின் என்று வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொருவரும் பழைய பத்திரங்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாரை 1458-ல் உண்டான ராத்திஸ் ஏர்லுக்கும் மேலே வைத்தார்கள். 1565-ல் புதிதாகப் பிறந்த பட்டம் என்றால் 1458-ஐத் தாண்டி எப்படி நிற்கும்? பந்தியில் நேற்று வந்தவனை முதல் இலையில் உட்கார வைப்பார்களா?

வக்கீல் குமாஸ்தா

நல்ல கேள்விதான். இதற்கு 1875-ல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன மூன்று பிரபுக்களும் திருப்தியான பதில் சொன்னதாக நானும் நினைக்கவில்லை.

அம்மணி

1875-க்குப் போகும் முன் 1715 கலகத்தை யாராவது சொல்லுங்கள். ‘பாபிங் ஜான்’ இந்த வீட்டு ஆள்தானே?

பழஞ்சுவடி

ஆமாம். கட்சி மாறி மாறித் தலையாட்டியதால் அந்தப் பெயர். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்ததற்கு ஆதரவாக உழைத்தவர். முதலாம் ஜார்ஜ் வந்ததும் பதவி போனது. வரவேற்கப் போன இடத்தில் அரசன் முதுகைக் காட்டினானாம். நிலக்கரிக் கப்பலில் ஏறி வடக்கே வந்து, வேட்டை என்று ஆள் கூட்டி, 1715 செப்டம்பர் 6-ம் தேதி பிரேமாரில் ஜார்ஜுக்கு எதிராக ஸ்டூவர்ட் வம்சத்தின் கொடியை ஏற்றினார். கொடிக்கம்பத்து உச்சிக் குமிழ் அப்போதே கழன்று விழுந்தது என்பார்கள். நவம்பரில் ஷெரிஃப்மூர் போர். எதிரியைவிடப் பெரும் படை இருந்தும் ஜெயிக்கவில்லை, தோற்கவுமில்லை, சும்மா இருந்தார். 1716-ல் பட்டமும் சொத்தும் பறிமுதல். மிச்ச காலம் ஐரோப்பாவில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்து 1732-ல் ஆகன் நகரில் இறந்தார். தளபதியாக இருந்ததைவிடக் கட்டடக் கலைஞராக இருந்திருந்தால் பேர் வாங்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

யாழ்நிலா

அவரின்ர தம்பி கிரேஞ்ச் பிரபுவை விட்டிட்டீங்களே! நீதிபதி. பெண்டாட்டி ரேச்சல் சீஸ்லியோட ஒத்துப்போகேல்ல, இவரின்ர ரகசிய அரசியலை வெளியில சொல்லிப்போடுவன் எண்டு அவ மிரட்டினா. 1732-ல ஆள் வச்சு எடின்பரோ வீட்டில இருந்து தூக்கிக்கொண்டு போய், முதல்ல ஒரு சின்னத் தீவு, பிறகு செயின்ட் கில்டா. அட்லாண்டிக் நடுவில, ஆங்கிலம் பேச ஆளில்லாத இடம். அங்க ஏழெட்டு வருசம். கடைசியா ஸ்கை தீவில 1745-ல செத்தா. வீடு திரும்பவேயில்லை.

அம்மணி

இசபெலுக்குக் கோட்டை, ரேச்சலுக்குத் தீவு. இந்தக் குடும்பத்துக்குப் பட்டம் எதற்கு, கம்பிதான் எண்ண வைத்திருக்க வேண்டும்.

வக்கீல் குமாஸ்தா

இழையை இழுத்து வருகிறேன். கிரேஞ்ச் வழக்கிலும் முக்கியம். பாபிங் ஜானின் மகன் பிள்ளையில்லாமல் போனான். மகள் பிரான்சிஸ், கிரேஞ்சின் மகன் ஜேம்ஸைக் கட்டினாள்.

அம்மணி

இருங்கள் இருங்கள். சித்தப்பா மகனையா? நம்ம பக்கம் அது அண்ணன் முறை! ஊரை விட்டே ஓட வேண்டியதுதான்.

வக்கீல் குமாஸ்தா

அங்கே சித்தப்பா மகன், மாமா மகன் எல்லாம் ஒரே கசின்தான் அம்மா. அந்தக் கல்யாணத்தால்தான் குழப்பம். அவர்கள் மகன் ஜான் பிரான்சிஸ் எர்ஸ்கினுக்கு 1824-ல் பாராளுமன்றச் சட்டத்தால் பட்டம் திரும்பியது. கலகம் செய்தவரின் *மகள் வயிற்றுப் பேரன்* என்ற முறையில் கொடுத்தார்கள், எனவே பெண்வழி ஒப்புக்கொள்ளப்பட்டது என்று பழஞ்சுவடி கட்சி சொல்லும். ஆனால் அவர் அப்பா வழியிலும் முதல் பங்காளி. எந்தப் பக்கம் எண்ணினாலும் அவரேதான் வாரிசு. ஆகவே 1824 எதையும் நிரூபிக்காது.

பழஞ்சுவடி

அவர் அப்பா வழியில் வந்தார் என்றால் சட்டத்தில் ஏன் அம்மா வழியைச் சொன்னார்கள் என்று கேட்கலாம். ஆனால் முழு நிரூபணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து 1866. இவருடைய பேரனின் மகன் காலம் என்று நினைக்கிறேன், ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தார்.

வக்கீல் குமாஸ்தா

பேரன். 1824-காரர் அடுத்த வருடமே போனார், மகன் 1828-ல், பேரன் 1866-ல்.

பழஞ்சுவடி

நன்றி, பேரன்தான். இந்தப் பேரனுக்கு இடையில் கெல்லி ஏர்ல்டமும் வந்து சேர்ந்தது. கெல்லி என்பது 1619-ல் எர்ஸ்கின்களின் இன்னொரு கிளைக்குக் கொடுத்த பட்டம், தெளிவாக ஆண்வழி. அந்தக் கிளை அற்றுப்போகவே 1835-ல் மாருக்கு வந்தது. (கெல்லிகளில் ஒருவர் ‘ஃபிட்லர் டாம்’. மான்ஹைம் போய் ஸ்டாமிட்ஸிடம் வயலின் படித்து, சிம்பொனி எழுதி, குடித்துக் கடன்பட்டு நிலத்தை விற்றவர். எனக்கு இந்த முழுக் கும்பலில் பிடித்த ஆள்.)

1866-ல் செத்தவருக்கு ரெண்டு வாரிசுகள் நின்றார்கள். ஒருவர் சித்தப்பா மகன் வால்டர் எர்ஸ்கின், இந்தியாவில் கும்பெனிப் படையில் இருந்தவர். இன்னொருவர் தங்கை மகன் ஜான் குடீவ். நம் பாஷையில் பங்காளிக்கும் மருமகனுக்கும் நடந்த சண்டை. கெல்லி பங்காளிக்கு என்பதில் சந்தேகமில்லை. அலோவா சொத்தும் பங்காளிக்கே போனது. மருமகனுக்கு மிஞ்சியது மார் என்ற பெயர் மட்டும். அவர் குடீவ்-எர்ஸ்கின் என்று பெயர் மாற்றி மார் ஏர்ல் என்று போட்டுக்கொண்டார், முதலில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. 1867-ல் பங்காளி மனுப் போட்டார்: மாரும் எனக்கே.

வக்கீல் குமாஸ்தா

அவர் 1872-ல் இறந்து, மகன் தொடர்ந்தார். 1875 பிப்ரவரி 25-ல் பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு தீர்ப்பு. கெய்ர்ன்ஸ், செம்ஸ்ஃபோர்ட், ரெட்ஸ்டேல் மூவர். வாதம் இதுதான்: 1457-ல் பழைய பட்டம் முடிந்தது. 1565-ல் மேரி கொடுத்தது புதுப் பட்டம். அதற்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத ஸ்காட்டிஷ் பட்டத்துக்கு, மாறாகச் சான்று இல்லாதவரை, ஆண்வழி என்று கொள்ள வேண்டும். இது மான்ஸ்ஃபீல்ட் பிரபு 1762-ல் காசில்லிஸ் வழக்கில் வைத்த விதி. எனவே மார் கெல்லிக்கு. விதியை ஒப்புக்கொண்டால் தீர்ப்பு கோணல் இல்லை.

பழஞ்சுவடி

அதே மான்ஸ்ஃபீல்ட் காலத்தில் 1771-ல் சதர்லாந்து ஏர்ல்டம் எலிசபெத் என்ற ஐந்து வயதுச் சிறுமிக்குப் போனது. ஏன்? அந்த வீட்டில் முன்பே பெண்வழியில் போயிருந்தது. மாரிலும் மார்கரெட், இசபெல் என்று ரெண்டு பேர் இல்லையா? இல்லை, அது பழைய பட்டம், இது புதுசு என்றார்கள். புதுசு என்பதற்குப் பத்திரம்? இல்லை. இல்லாத பத்திரத்தை வைத்துப் பட்டத்தைப் பிறக்க வைத்து, பிறகு பத்திரம் இல்லை என்பதையே வைத்துப் பெண்ணை வெளியே தள்ளினார்கள். இந்த ஒரு இடத்தில் எனக்கு இன்றும் கோபம் வரும்.

வக்கீல் குமாஸ்தா

கோபம் உங்களுக்கு மட்டுமில்லை. கிராஃபர்ட் ஏர்ல் ரெண்டு பெரிய தொகுதியில் எதிர்வாதம் எழுதினார், அவர் இறந்த பின் 1882-ல்தான் அச்சானது. அந்தக் காலத்தில் ஸ்காட்டிஷ் பிரபுக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க ஹோலிரூட் அரண்மனையில் கூடும்போது மார் பெயரைக் கூப்பிட்டாலே ஆட்சேபம் எழும். நான் தீர்ப்பை ஆதரிப்பது விதிக்காக, நியாயத்துக்காக அல்ல.

ஊர்சுற்றி

சரி, கெல்லி ஜெயித்தார். பிறகு எப்படி அந்த சீஸ் அம்மா வந்தார்?

வக்கீல் குமாஸ்தா

தீர்ப்பை மாற்ற முடியாது. பாராளுமன்றம் சட்டம் போடலாமே! 1885-ல் மார் ஏர்ல்டம் மீட்புச் சட்டம். 1875 தீர்ப்பு தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பழைய பட்டம் கிரீடத்தில் கலந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் இருக்கலாம், ஆகவே அதை குடீவ்-எர்ஸ்கினுக்கு மீட்டுத் தருகிறோம் என்றார்கள். அவருக்கு 1404-ம் ஆண்டின் இடம், பெண்வழி வாரிசு உண்டு. கெல்லியிடம் இருந்த 1565 பட்டத்தைத் தொடவில்லை. மாமியார் மருமகள் ரெண்டு பேருக்கும் தனித்தனி அடுப்பு வைத்துக் கொடுத்தது போல.

பழஞ்சுவடி

ஊர்சுற்றி கேட்டதற்கு நேர் பதில்: சீஸ் அம்மா மார்கரெட், இசபெலின் பட்டத்துக்காரர். அப்பா ஜேம்ஸ் 1975-ல் இறந்ததும் வந்தது. 1963 சட்டத்துக்குப் பின் பெண்களும் பரம்பரை உரிமையில் சபையில் உட்கார முடிந்தது. 1999-ல் பரம்பரைப் பிரபுக்களை வெளியே அனுப்பியபோது தங்கிய 92 பேரில் ஒருவர், 2020-ல் ஓய்வு. ஆட்டுக்குளியலுக்குப் போடும் ஆர்கனோபாஸ்பேட் மருந்தால் வரும் பாதிப்பு பற்றி விடாமல் பேசியவர். அலோவாக்காரர் 1565 பட்டத்துக்காரர். 1999-ல் இடம் போய், அடுத்த வருடம் ஆயுள் பிரபுவாக (வாரிசுக்குப் போகாத பட்டம்) திரும்ப வந்தார். என்ன பெயரில் தெரியுமா? அலோவா டவர் எர்ஸ்கின் பிரபு.

ஊர்சுற்றி

நான் படியேறி மூச்சு வாங்கிய அதே டவர்! ஒரே காலத்தில் ரெண்டு மாரும் ஒரே சபையில் உட்கார்ந்திருந்தார்களா?

பழஞ்சுவடி

ஆமாம், வருடக்கணக்கில். அந்த அம்மா கட்சி சாராதவர், இவர் லிபரல் டெமாக்ரட்.

அம்மணி

அந்த அம்மாவுக்குப் பின் யாருக்குப் போகும்?

பழஞ்சுவடி

மகள் சூசனுக்கு. மாரின் அடுத்த வாரிசு ஆணானால் ‘மாஸ்டர் ஆஃப் மார்’, பெண்ணானால் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மார்’. மகளுக்கு அந்தப் பட்டம்தான்.

அம்மணி

சாவிக் கொத்து இன்னும் பெண்கள் கையில்தான். கில்ட்ரமி வாசலில் நிற்கும்போது அடுத்த தரம் ஒரு படம் எடுத்துப் போடு யாழ்நிலா.

யாழ்நிலா

ஏப்ரலில போவன் அக்கா. குளிருக்குக் கோட்டையைப் பூட்டி வச்சிருப்பாங்கள்.